படை பெருகியது, பயன் பெருகியதா?

போர்க்களத்தில் எண்ணிய காரியம் கைகூடாதபோது ஆள்வோர் முதலில் நாடும் மருந்து படையைப் பெருக்குவதாகும். ஆயிரம் பேரால் ஆகாதது பதினாயிரம் பேரால் ஆகும் என்பது கேட்பதற்கு எளிய கணக்கு. இக்கணக்கு எப்போது சரியாகும், எப்போது பொய்க்கும் என்பதை ஆராயத் தமிழர்களாகிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாக் நீரிணைக்கு அப்பால், நம் மொழி பேசும் மக்கள் வாழும் மண்ணில், 1987 சூலை முதல் 1990 மார்ச்சு வரை இக்கணக்கு போடப்பட்டது. போட்டவர்கள் நம் நாட்டினர். அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் நாட்டுப் படைவீரர்களும் நம் மொழி பேசும் குடிமக்களும் ஆவர்.

இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையைப் பற்றித் தமிழ்நாட்டில் இருவகைப் பேச்சுகளே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. 'போயிருக்கவே கூடாது' என்பார் ஒரு சாரார். 'கைகளைக் கட்டிவிட்டார்கள், இன்னும் படையும் காலமும் தந்திருந்தால் முடித்திருப்பார்கள்' என்பார் மற்றொரு சாரார். அச்சன்புதூரிலும் தென்காசியிலும் கடைத்தெருவில் நின்று கேட்டாலும் இவ்விரு குரல்களே ஒலிக்கும். இரண்டிற்கும் இடையில் ஒரு வினா கேட்கப்படாமலே கிடக்கிறது. சில ஆயிரம் பேராகச் சென்ற படை எழுபதாயிரத்தையும் கடந்து பெருகியதே, அந்தப் பெருக்கத்தால் விளைந்த பயன் யாது? இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்கள் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே முடிந்துபோன நிகழ்ச்சி இது. ஆயினும் இவ்வினா முடிந்துபோகவில்லை. அதனை இம்மலரின் வாயிலாக எழுப்பிப் பார்க்க விழைகின்றோம்.

வள்ளுவர் காட்டும் நால்வகை வலிமை

எடைபோடுவதற்கு ஒரு தராசு வேண்டும். அது நம் கையிலேயே இருக்கிறது. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. செயலை ஆராய்ந்து தேர்ந்த பின்னரே வலிமையைப் பற்றிய பேச்சு வருகிறது. வலிமையை அறிந்த பின்னரே காலமும் இடமும் எண்ணப்படுகின்றன. இவ்வரிசையே ஒரு பாடம்.

வலியறிதலின் தொடக்கத்தில் வள்ளுவர் வலிமையை நான்காகப் பகுத்து வைக்கிறார். மேற்கொள்ளும் செயலின் வலிமை ஒன்று. தன் வலிமை ஒன்று. பகைவனின் வலிமை ஒன்று. இருபுறத்தார்க்கும் துணையாவோரின் வலிமை ஒன்று. நான்கையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

படைப்பெருக்கம் என்பது இந்நான்கனுள் ஒன்றனை மட்டுமே உயர்த்தும். அது தன் வலிமையைக் கூட்டும். செயலின் தன்மையை அது மாற்றாது. பகைவனின் வலிமையைத் தானாகக் குறைக்காது. துணைவரைத் தேடித் தராது. சில வேளைகளில் இருந்த துணைவரையும் விரட்டிவிடும். ஏனைய மூன்றும் கெட்டுக் கிடக்க ஒன்றை மட்டும் உயர்த்தினால் என்ன நேரும் என்பதற்கு அமைதிப் படையின் வரலாறு தெளிவான சான்று என்பதே எம் கருத்து.

சென்றதும் பெருகியதும்

1987 சூலை 29-ஆம் நாள் கொழும்பில் இந்தியப் பிரதமர் இராசீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் செயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக இணைக்கப்படும். மாகாண சபை அமையும். தமிழ்ப் போராளி இயக்கங்கள் 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கும். இலங்கைப் படையினர் முகாம்களுக்குத் திரும்புவர் என்பன அதன் முதன்மையான கூறுகள். இந்த ஏற்பாட்டிற்குக் காவல் நிற்பதற்கே இந்தியப் படை அழைக்கப்பட்டது. மறுநாளே 54-ஆவது காலாட்படை டிவிசனின் வீரர்கள் பலாலியில் வந்திறங்கத் தொடங்கினர். அவர்களின் தொகை சில ஆயிரமே. யாழ்ப்பாணத்து மக்கள் அவர்களை மாலையிட்டு வரவேற்றனர். இதனை நாம் மறந்துவிடலாகாது. படை மிகச் சிறியதாக இருந்த நாளில்தான் அதற்கு வரவேற்பு மிகப் பெரியதாக இருந்தது.

ஆகஸ்டு 4-ஆம் நாள் சுதுமலையில் பேசிய விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன், ஆயுதங்களை ஒப்படைக்க இசைந்தார். ஆனால் உடன்படிக்கையின்பால் தமக்கு நம்பிக்கையில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஒப்படைப்பு அரைகுறையாகவே நடந்தது. செப்டம்பர் 26-ஆம் நாள் உண்ணாநோன்பிருந்த திலீபன் உயிர் நீத்தார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட 17 புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இலங்கை அரசு முனைந்தபோது, அவர்கள் நஞ்சருந்தினர். குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் மாண்டனர். அதன்பின் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இந்திய வீரர்களும் தாக்கப்பட்டனர். பத்து வாரங்களுக்குள் காவலாகச் சென்ற படை போரிடும் படையாக மாறியது.

'பவன்' எனப் பெயரிடப்பட்ட அந்நடவடிக்கையின் தொடக்கமே துயரமானது. அக்டோபர் 11-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உலங்கு வானூர்திகளிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேருள் 29 பேர் மாண்டனர். ஒருவரே உயிருடன் சிறைப்பட்டார். புலித் தலைமையை ஓரிரவில் பிடித்துவிடலாம் என்னும் கணிப்பு பிழைத்தது. அதன்பின்தான் பெருக்கம் தொடங்கியது. தாய்நாட்டிலிருந்து பிரிகேடு பிரிகேடாகப் படைகள் விமானத்திலும் கப்பலிலும் வந்து சேர்ந்தன. 54-ஆவது டிவிசனைத் தொடர்ந்து 36-ஆவது டிவிசனும், 4-ஆவது, 57-ஆவது மலைப்படை டிவிசன்களும் ஈழத்து மண்ணில் நிலைகொண்டன. எண்ணிக்கை உச்சத்தை எட்டியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு.

யாழ்ப்பாண நகரம் அக்டோபர் முடிவதற்குள் கைப்பற்றப்பட்டது. ஆனால் புலிகள் அழியவில்லை; வன்னிக் காடுகளுக்குள் நகர்ந்தனர். போர் நகரத்தை விட்டுக் காட்டிற்குச் சென்றது. எதிரி கண்ணுக்குத் தென்படாத அப்போரில் மேலும் இரண்டாண்டுக் காலம் வீரர்கள் கண்ணிவெடிகளுக்கு இரையாயினர்.

ஆதரிப்போர் கூற்றுகள்

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது அறமன்று. படைப்பெருக்கத்தைச் சரியென்போரின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. அவற்றுள் வலிமையானவை நான்கு.

முதலாவது, இராணுவ நோக்கில் அமைந்தது. முதலில் சென்ற பட்டாலியன்கள் முழு எண்ணிக்கையில் இல்லை; அமைதி காக்கச் சென்றமையால் போருக்குரிய கனரக ஆயுதங்களும் போதுமானவையாக இல்லை. அந்நிலையில் போர் மூண்டபின் கூடுதல் படை அனுப்பாதிருந்தால், அங்கிருந்தோரைச் சாகவிட்டதாகவே முடிந்திருக்கும்.

இரண்டாவது, அரசியல் நோக்கில் அமைந்தது. படை பெருகியதால்தான் 1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வரதராசப் பெருமாள் முதலமைச்சரானார். சிறீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 71 இடங்களுள் 17 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அவையில் அமர்ந்து பேசுவதற்கு ஒரு வாயில் திறந்தது. உடன்படிக்கையின் விளைவாக வந்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இன்றளவும் இலங்கைச் சட்டத்தில் நிற்கிறது.

மூன்றாவது, இந்தியாவின் பாதுகாப்பு நோக்கில் அமைந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் வேற்று வல்லரசுகள் காலூன்றாமல் தடுக்கவும், இலங்கை பிளவுபடாமல் காக்கவும் வலிமையான படை இருப்பு வேண்டியிருந்தது.

நான்காவது, நெஞ்சை உலுக்குவது. படை வெளியேறியபின் நடந்தவற்றைப் பாருங்கள் என்கின்றனர். 1990 மார்ச்சு 24-ஆம் நாள் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறினர். சூன் மாதம் கிழக்கில் சரணடைந்த காவலர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஆகஸ்டு 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு நீங்கத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அமைதிப் படை அங்கே இருந்திருந்தால் இவை நிகழ்ந்திருக்குமா என்னும் வினாவை எவரும் எளிதாகக் கடந்துவிட முடியாது.

கூற்றுகளை எடைபோடுவோம்

முதல் வாதத்தை நாம் ஏற்கலாம். ஆனால் ஓர் எல்லை வரைதான். ஆபத்தில் சிக்கிய வீரரை மீட்கப் படை அனுப்புவது கடமை. 1987 அக்டோபரில் சென்ற கூடுதல் படைக்கு அந்த நியாயம் உண்டு. ஆனால் யாழ்ப்பாணம் வீழ்ந்தபின், 1988 முழுவதும் படை மேலும் வளர்ந்ததற்கு அந்த நியாயம் பொருந்தாது. அப்போது மீட்பதற்கு எவரும் முற்றுகையில் இல்லை. தொடங்கிய போரை எவ்வாறு முடிப்பதென்று தெரியாமையே அப்பெருக்கத்தின் காரணம். படையை நடத்திய தளபதிகளான தீபிந்தர் சிங், ஹர்கிரத் சிங் இருவரும் பின்னாளில் இப்போரைப் பற்றித் தனித்தனியே நூல்கள் எழுதினர். வெவ்வேறு நோக்குடைய அவ்விருவரும், அரசியல் வழிகாட்டலில் தெளிவில்லை எனக் குறைகூறுவதில் ஒன்றுபடுகின்றனர். இங்கே வள்ளுவரின் முதல் வலிமையாகிய செயலின் வலிமை தவறிவிட்டது. காவல் நிற்பதா, ஆயுதம் களைவதா, ஓர் இயக்கத்தை அழிப்பதா, ஓர் ஆட்சியை நிறுவிக் காப்பதா? நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படையின் தலையில் ஏற்றப்பட்டன. செயல் மாறிக்கொண்டே இருந்தது. அதற்கு விடையாக எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் வாதத்திற்கு வருவோம். தேர்தல் நடந்தது உண்மை. ஆனால் கிழக்கில்தான் மக்கள் வாக்களித்தனர். வடக்கில் போட்டியே இன்றி உறுப்பினர்கள் தேர்வாயினர். துப்பாக்கி முனையில் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்ததற்கு அமைதிப் படையைக் குற்றஞ்சாட்ட இயலாது. எனினும் மக்கள் வாக்கின்றி அமர்ந்த ஆட்சிக்கு வேர் இருக்கவில்லை. அந்த ஆட்சியைத் தாங்குவதற்கென 'தமிழ்த் தேசிய இராணுவம்' ஒன்று அவசரமாகத் திரட்டப்பட்டது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் தெருவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டனர். துணைவலியைத் தேடுவதற்கு மாறாக அதனைக் கட்டாயத்தால் உண்டாக்க முயன்றதன் விளைவு இது. இந்தியப் படை விலக விலக அந்த இளைஞர்கள் புலிகளின் கைகளில் சிக்கி மாண்டனர். 1990 மார்ச்சு முதல் நாள் ஈழத்தைத் தன்னிச்சையாக அறிவித்துவிட்டு முதலமைச்சரும் நாட்டை விட்டு நீங்கினார். வடக்கு-கிழக்கு இணைப்பையும் 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 13-ஆவது திருத்தம் நிற்கிறதே எனில், அது 1987 நவம்பரில், பெருக்கம் உச்சத்தை எட்டுவதற்கு முன்னரே, பேச்சின் விளைவாக இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிலைத்து நின்ற அந்த ஒரே பயன் மையால் எழுதப்பட்டது.

மூன்றாம் வாதத்திற்கு விடை, துணைவர் வலிமையைப் பற்றிய ஆராய்ச்சியில் உள்ளது. அழைத்தவரே துணைவர் என எண்ணிச் சென்றோம். தெற்கில் ஜே.வி.பி. எனப்படும் மக்கள் விடுதலை முன்னணி, இந்தியப் படையின் வருகையையே காரணங்காட்டிச் சிங்கள இளைஞர்களைக் கிளர்ச்சிக்குத் திரட்டியது. வடக்கில் நம் படை போரிட்டதால் ஓய்வு பெற்ற இலங்கைப் படை, தெற்கில் அக்கிளர்ச்சியை ஒடுக்கப் போயிற்று. 1989 சனவரியில் பதவியேற்ற பிரேமதாசா, சூன் மாதம், சூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டுமெனப் பகிரங்கமாகக் கோரினார். அதற்கு முன்பே புலிகளுடன் பேச்சைத் தொடங்கியிருந்தார். அவர் அரசு புலிகளுக்கு ஆயுதமும் வழங்கியது. யாருடைய அழைப்பின்பேரில் சென்றோமோ அவருடைய நாட்டு அரசே நம்மோடு போரிடுவோர்க்குப் படைக்கலம் கொடுக்கும் நிலை வந்தபின், எழுபதாயிரம் பேர் இருந்தாலென்ன, இலட்சம் பேர் இருந்தாலென்ன? படை பெருகப் பெருக அது அந்நியப் படை எனும் தோற்றமும் பெருகியது. வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுக்கொன்று பகையான இரு சாராரையும் ஒருங்கே நமக்கு எதிராக நிறுத்தியதே அப்பெருக்கம் சாதித்த விந்தை.

நான்காம் வாதமே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. காத்தான்குடியில் சிந்திய குருதிக்கும் யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் பொறுப்பாளிகள் அவற்றைச் செய்தோரே. இதில் ஐயத்திற்கே இடமில்லை. படை இருந்திருந்தால் அந்த ஆண்டு அவை நிகழாமல் தடுக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனை ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும்? இன்னொரு நாட்டு மண்ணில், அந்நாட்டு அரசின் இசைவின்றி, மக்களின் நம்பிக்கையும் இழந்து ஒரு படை என்றென்றும் தங்கிவிட முடியாது. என்றேனும் ஒருநாள் வெளியேறத்தான் வேண்டும். அந்த நாளுக்குப் பின் எளியோரைக் காக்கும் ஏற்பாடு எது என்பதைப் படை சென்ற முதல் நாளிலேயே எண்ணியிருக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டியோர் அந்த ஏற்பாட்டைக் கட்டவில்லை. ஆகவே 1990-இன் கொடுமைகளை, படைப்பெருக்கம் பயனளித்ததற்குச் சான்றாக நாம் கொள்ள இயலவில்லை. பெருக்கிய படை வாங்கித் தந்த இரண்டரை ஆண்டுக் காலம் வீணாயிற்று என்பதற்கே அவை சான்றாகின்றன.

உடைந்த கரையும் கூடிய கூட்டமும்

நம் வட்டாரத்து வேளாண் பெருமக்கள் நன்கறிந்த ஒன்றை இங்கே ஒப்புநோக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளத்துக் கரை உடைப்பெடுத்தால் ஊரே திரண்டு மண்மூட்டை சுமக்கும். உடைப்பு எங்கே என்பதும் எந்த மடையைத் திறந்தால் நீரின் வேகம் தணியும் என்பதும் தெரிந்த ஒரு பெரியவர் நின்று வழிசொன்னால், திரண்ட கூட்டம் கரையைக் காக்கும். அவ்வாறு வழிசொல்வார் இல்லாதபோது, ஈரக்கரையின்மேல் ஆள் கூடக் கூட அது மிதிபட்டு மேலும் நெகிழும். கூட்டம் ஒன்றே, விளைவு இருவேறு. ஈழத்தில் நேர்ந்தது இரண்டாவது வகை. எதிரி யார், பொதுமகன் யார் எனப் பிரித்தறிய மொழியறிவு வேண்டும். வந்தவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்த பத்துப் பேர் செய்யக்கூடியதைத் தமிழறியாத நூறு பேரால் செய்ய இயலவில்லை. இடனறிதல் என்று வள்ளுவர் சொன்னது நிலப்படத்தை மட்டுமா? அந்நிலத்தில் வாழும் மனிதரையும் சேர்த்தே என்று கொள்வதில் தவறில்லை.

உலக அரங்கில்

இது ஈழத்திற்கு மட்டும் உரிய கதையன்று. வியத்நாமில் அமெரிக்கப் படை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. நாம் பெற்ற பாடத்திற்குப் பின்னரும் உலகம் இதே சோதனையை இருமுறை செய்து பார்த்தது.

2007 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சார்ச் புஷ் ஈராக்கிற்கு மேலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். தளபதி பெட்ரேயஸ் பொறுப்பேற்றார். ஓராண்டுக்குள் வன்முறை வெகுவாகக் குறைந்தது. படைப்பெருக்கம் வென்றது எனக் கொண்டாடினர். உண்மையில் அப்போது நான்கு வலிமைகளுள் இரண்டு ஒரே நேரத்தில் மாறியிருந்தன. படை கூடியது ஒருபுறம். அன்பார் மாநிலத்துப் பழங்குடித் தலைவர்கள் அல்காயிதாவை எதிர்த்து அமெரிக்கர் பக்கம் சாய்ந்ததும், முக்ததா அல்சதர் 2007 ஆகஸ்டில் தம் படையைப் போர்நிறுத்தம் செய்யச் சொன்னதும் மறுபுறம். துணைவர் வலிமை சேர்ந்ததால் தன் வலிமை வேலை செய்தது. ஆனால் கிடைத்த இடைவெளியில் சுன்னி, சியா பிரிவினரிடையே அரசியல் இணக்கம் கட்டப்படவில்லை. 2011-இல் படை வெளியேறியது. 2014 சூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளின் கையில் வீழ்ந்தது.

2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிசுதானத்திற்கு மேலும் 30,000 பேரை அனுப்புவதாக அறிவித்தார். அமெரிக்கப் படை ஏறத்தாழ ஓர் இலட்சமாயிற்று. அங்கே துணைவர் வலிமையும் சேரவில்லை. பகைவனுக்கு எல்லைக்கப்பால் புகலிடமும் மூடப்படவில்லை. 2021 ஆகஸ்டு 15-ஆம் நாள் தாலிபான்கள் காபூலில் நுழைந்தபோது, இருபதாண்டுக் காலம் கட்டியது சில நாட்களில் சரிந்தது.

மூன்று நாடுகளையும் ஒப்பிட்டால் ஒரு பொதுவிதி புலனாகும். படைப்பெருக்கம் காலத்தை வாங்கித் தரும். அதற்குமேல் அதனால் எதனையும் வாங்கித் தர இயலாது. வாங்கிய காலத்தில் அரசியல் தன் கடமையைச் செய்தால் பயன் உண்டு. செய்யாவிடின் எழுபதாயிரமும் ஓர் இலட்சமும் ஐந்து இலட்சமும் ஒன்றே.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

பயன் என்று பேசுங்கால் செலவையும் பேச வேண்டும். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் ஈழத்தில் உயிர் துறந்தனர். மூவாயிரம் பேரளவில் காயமுற்றனர். 1987 நவம்பர் 25-ஆம் நாள் மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு வீழ்ந்த மேசர் இராமசாமி பரமேசுவரனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாகிய பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரும் தமிழரே. இத்தகையோரின் ஆண்மையில் குறைகாண்பார் எவருமிலர். கொள்கையின் பிழையை வீரனின் தலையில் சுமத்துவது கயமை.

மற்றொரு கணக்கும் உண்டு. 1987 அக்டோபரில் தீபாவளி நாளன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989 ஆகஸ்டு தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். மூன்றாண்டுகளில் மாண்ட குடிமக்கள் பல்லாயிரவர் என்பர். அவர்களின் பெயர்கள் எக்கல்லிலும் முழுமையாகப் பொறிக்கப்படவில்லை. உயிர் தப்பியோருள் பலர் படகேறி இராமேசுவரம் வந்தனர். பழைய நெல்லை மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் அமைந்த முகாம்களில் வாழ்ந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டனர்.

இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வாய்க்கவில்லை. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அதனை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்று திரும்பிய படையை வரவேற்க மனம் வரவில்லை என்பது அவர் தரப்பு. கடமையாற்றித் திரும்பிய வீரரை அவமதித்தார் என்பது மறுதரப்பு. இரண்டிலும் வலி இருக்கிறது. ஆனால் அன்று தொடங்கிய மௌனம் நெடுங்காலம் நீடித்தது. கொழும்புக்கு அருகில் இலங்கை அரசு அவ்வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது. தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில்தான் தாய்நாடு அவர்களின் பெயர்களை ஏனைய போர்களின் வீரர்களோடு சேர்த்துப் பொறித்தது. 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின், இப்போரைப் பற்றி அமைதியாக ஆராயும் சூழலே தமிழ்நாட்டில் இல்லாமற் போயிற்று. ஆராயாது விட்ட தவற்றை இன்னொரு தலைமுறை மீண்டும் செய்யும்.

முடிவாக

எம் தீர்ப்பு இதுவே. ஆபத்தில் சிக்கிய வீரர்களைக் காப்பதற்கென 1987 அக்டோபரில் அனுப்பப்பட்ட கூடுதல் படைக்கு நியாயம் உண்டு. அதன்பின் இரண்டாண்டுகள் வளர்ந்த பெருக்கத்திற்குப் பயன் இல்லை. அது நகரங்களைப் பிடித்தது, சாலைகளைத் திறந்தது, ஒரு தேர்தலை நடத்தியது. மக்களின் நம்பிக்கையை இழந்தது. அழைத்தவரின் நட்பை இழந்தது. தான் நிறுவிய ஆட்சியையும் இழந்தது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது கல்லறைகள்.

இனி எந்நாட்டு அரசாயினும், படையைப் பெருக்குவோம் என்று கூறும்போது குடிமக்களாகிய நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இப்படை செய்ய வேண்டிய செயல் எது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? அது நிற்கப்போகும் மண்ணின் மக்கள் அதனை விரும்புகின்றனரா? அது திரும்பும் நாளுக்குப் பின் எளியோரைக் காப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை இல்லாதவரை, எத்தனை டிவிசன்கள் அனுப்பினாலும் அவை புண்ணை மூடும் கட்டாக அமையுமே அன்றி மருந்தாகா.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் தனியொரு கடமை உண்டு. வலியறிதலை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாமல், நாளிதழில் வரும் ஒவ்வொரு போர்ச் செய்தியின் மீதும் அந்நான்கு வலிமைகளை வைத்து உரசிப் பார்க்கப் பழக வேண்டும். தேசியப் போர் நினைவிடத்துக் கல்லில் உள்ள பெயரையும், யாழ்ப்பாண மருத்துவமனையில் வீழ்ந்த செவிலியையும், காத்தான்குடியில் தொழுகையில் வீழ்ந்த முதியவரையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டத் தெரிந்தவரே போரின் கணக்கை நேர்மையாகப் போட வல்லவர். அத்தகையோர் நம் வகுப்பறைகளிலிருந்து புறப்படுவாராயின், அடுத்த முறை ஒரு படை கப்பலேறுமுன் இந்நாட்டில் கேள்வி கேட்க ஆளிருக்கும்.